மொட்டைமாடிக் காற்றாலை

பட்டப்பகலில் வீட்டுக்குள் நுழைந்தாலும் டில்லிபாபு முதலில் ட்யூப்லைட் ஸ்விட்சைத் தட்டிப் பார்ப்பார். எரிந்தால் அணைப்பார். பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். ஆட்டோ ஓட்டும்போதும் இதே புத்திதான். மந்தைவெளியிலோ அடையாற்றிலோ சவாரியை இறக்கிவிட்டு, "உங்க ஏரியால கரண்டு கீதா சார்?" என்று கேட்காமல் வண்டியைத் திருப்பமாட்டார்.

காரணம் அவர் மனைவி வேலம்மா. ஆஸ்துமா. மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் மெஷின் இல்லாவிட்டால் மழைக்காலத்தை அவர் தாண்ட முடியாது. ஒரு மழையில் கரண்ட் போய், மெஷின் நின்று, மனைவியின் உதடு நீலம் பாரித்ததை டில்லிபாபு பார்த்திருக்கிறார். "அத நெனச்சா இப்பவும் ராத்திரி தூக்கம் வர்ல சார்," என்பார்.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் எங்கள் காற்றாலை. ராஜா அண்ணாமலைபுரத்து வாரியக் குடியிருப்பில் கடைசி மாடி அவர் வீடு, நேர் கீழே நான். யாரோ தூக்கிப் போட்ட ட்ரெட்மில்லின் மோட்டாரை நதீமின் காயலான் கடையில் பிடித்தார். கரண்ட் கொடுத்தால் சுற்றும் அந்த மோட்டார், நாம் சுற்றிவிட்டால் கரண்ட் கொடுக்கும் என்று செல்போனில் பார்த்துக் கற்றிருந்தார். பி.வி.சி. குழாயை அறுத்து மூன்று றெக்கை, தண்ணீர்த்தொட்டியோடு சேர்த்துக் கட்டிய இரும்புக் கம்பம், வீட்டுக்குள் காற்றாலையில் மட்டுமே சார்ஜ் ஏறும் பேட்டரியும் இன்வெர்ட்டரும். நடுவில் டயோடு என்று ஒரு கறுப்புப் பொடிச் சாமான். "கரண்டு உள்ள வர்லாம், திரும்பிப் போவக் கூடாது. வாட்ச்மேன் மாரி," என்று எனக்கு விளக்கினார். கடல்காற்றில் றெக்கை விர்ரென்று கிளம்பியதும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. பிய்த்துக்கொண்டால் யார் தலையில் விழும் என்ற கவலை எனக்கு. டில்லிபாபுவுக்கும் அதே கவலைதான் போல. காற்று கொஞ்சம் வலுத்தாலும் மேலே ஓடி, கயிற்றால் றெக்கையைக் கட்டிவிடுவார்.

ஆயுத பூஜைக்கு ஆட்டோவைக் கழுவியவர், காற்றாலையையும் விடவில்லை. கழற்றித் துடைத்து, மோட்டாருக்குப் பட்டையும் றெக்கைக்குப் பொட்டும் வைத்தார். ஸ்பேனர், திருப்புளியோடு டயோடையும் சாமி படத்தின் முன் வைத்துப் பூப்போட்டார். மறுநாள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்.

அன்றிலிருந்து காற்றாலைக்கு ஓய்வே இல்லை. கொடியில் துணி அசையாத புழுக்கத்திலும் றெக்கை சுற்றியது. எதிர்வீட்டுத் தங்கம் அக்கா துணி காயப்போட மாடிக்கு வருவதையே விட்டுவிட்டார். "காத்தே இல்ல, அதுபாட்டுக்கு சுத்துது. ஏதோ பேயிதான் சுத்துதுப்பா!" என்று கம்பத்தில் எலுமிச்சம்பழம் கட்டினார். டில்லிபாபுவுக்கோ தலைகால் புரியவில்லை. "பூசை போட்டதுலேருந்து சூப்பரா ஓடுது பாத்தியா சார்! சுத்திக்கினே கீது, பேட்டரிய இன்னாத்துக்குப் பாக்கணும்?" அவர் பயமில்லாமல் இருந்து நான் பார்த்தது அந்தச் சில வாரங்கள்தான்.

புயல் கரை நெருங்கிய காலையில் கரண்ட் போனது. றெக்கையை முன்பே இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார். தெருவில் இடுப்பளவு தண்ணீர், ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. வேலம்மாவின் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது, நானும் தங்கம் அக்காவும் அவர் வீட்டுக்கு ஓடினோம். டில்லிபாபு நிதானமாகத்தான் மெஷினை இன்வெர்ட்டரில் சொருகினார். இன்வெர்ட்டர் ஒருமுறை 'கீ' என்று கத்திவிட்டு அடங்கிப்போனது.

ஒயரைத் தடவிப் பார்த்தார். டயோடு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஒயர் முறுக்கு. சாமி பலகைக்கு ஓடி அங்கிருந்த கிண்ணங்களைக் கிளறினார். யாரோ பத்திரமாக எடுத்துப் போட்டிருந்த டயோடு விபூதிக்குள் கிடந்தது, குங்குமப் பொட்டோடு. அது இல்லாமலே ஒயரை முறுக்கி மாட்டியிருக்கிறார் மனுஷர். காற்றில்லாத நாளெல்லாம் பேட்டரியே கரண்டைத் திருப்பி அனுப்பி, றெக்கையைச் சுற்றவிட்டுத் தன்னைக் காலி செய்திருக்கிறது. "ஐயோ, நானே அவள சாவடிச்சிட்டனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

டயோடை மாட்டிவிட்டு மாடிப்படிக்கு ஓடினார். "வேணாம்யா! இந்தக் காத்துல அவுத்துவுட்டா றெக்க பிச்சிக்கினு போயி யாரயாவது வெட்டிரும்!" என்று தங்கம் அக்கா சட்டையைப் பிடித்தார். டில்லிபாபு நின்றார். உள்ளே வேலம்மா இருமக்கூட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். இவர் படி வளைவில் குனிந்து, "யாரும் வெளிய தல காட்டாதீங்க! கதவ மூடிக்கினு உள்ளயே கெடங்க!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு மேலே ஏறினார்.

நான் வேலம்மாவின் முகத்தில் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே ஒரு ஊளை கிளம்பியது. கட்டிடமே அதிர்ந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த வேலம்மாவின் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. அப்புறம் இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு வந்தது. மெஷின் திணறியது, நின்றது, மறுபடி ஓடியது. மாஸ்க்குக்குள் புகை வந்தது.

டில்லிபாபு சொட்டச் சொட்ட நனைந்து இறங்கி வந்தார். கயிறு அறுத்த உள்ளங்கையில் ரத்தம். பச்சை விளக்கை அவர் பார்க்கவில்லை, மெஷினையும் பார்க்கவில்லை. மனைவிக்குப் பின்னால் மண்டியிட்டு அவர் முதுகில் காதை அழுத்தி வைத்தார். ஜன்னல் படபடவென்று அடித்தது, நாங்கள் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தோம், மேலே றெக்கை கதறியது. அவர் ரத்தக் கையை உயர்த்தி, எங்களைப் பார்த்து ஒருமுறை, கூரையைப் பார்த்து ஒருமுறை, "உஷ்" என்றார்.