பத்து ரூபாய்க் கடையில் விற்றுப்போன கேடயம்

"என் இருபத்தஞ்சு வருஷத்தப் பத்து ரூபாய்க்கு வித்துட்டீங்களே!"

தெய்வநாயகம் சார் கிராஃப்ட் ரூம் வாசலில் நின்று இப்படிக் கத்தியபோது, என் எதிரில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவுக்குச் சீப்பு வாங்கலாமா, இட்லித் துணி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். நான் முதலில் பையனைத்தான் கவனித்தேன். வரிசையில் முன்னால் நிற்பவர்தான் கஸ்டமர். அவன் இட்லித் துணிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சாரை நிமிர்ந்து பார்த்தேன்.

இந்த மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். கிராஃப்ட் வகுப்பை யார் எடுப்பது என்று ஸ்டாஃப் ரூமில் யாரும் கேட்கவில்லை. பொங்கல் கடையை யார் தலையில் கட்டுவது என்றுதான் கவலைப்படுகிறார்கள். எடுத்து நடத்தப்போகும் இளைய டீச்சருக்காக இதை எழுதிவைக்கிறேன்.

1. கடை

பொங்கல் லீவுக்கு முந்தின வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கடை. பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களுக்குப் பரிசு வாங்குவார்கள். எதை எடுத்தாலும் பத்து ரூபாய். யோசனை எங்கள் ஹெச்.எம். மேடத்துடையது, உழைப்பு என்னுடையது. விதிகளையும் மேடமே போட்டார். பெரியவர்கள் உள்ளே வரக்கூடாது. எந்தப் பிள்ளை என்ன வாங்கியது என்பதைப் பொங்கல்வரை யாருக்கும் சொல்லக்கூடாது. விற்றதைத் திரும்ப எடுக்கக்கூடாது.

பிள்ளைகள் வாங்குவதை முன்கூட்டி ஊகிக்க முடியாது. ஒருத்தி, எங்கள் ஊர் நிலக்கரி மைன்ஸில் சத்தம் கேட்காமலிருக்கக் காதுக்குக் கொடுக்கும் இயர் ப்ளக்கைப் பாக்கெட்டோடு வாங்கினாள். அப்பாவுக்கா என்றேன். "இல்ல மிஸ், அம்மாவுக்கு. அப்பா நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து கொறட்ட வுடுவாரு" என்றாள். அவளுக்கு உலகம் தெரிந்திருக்கிறது.

2. சரக்கு

முதல் வருஷம் பஜாரில் வாங்கிய சாமான் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. அதனால் அடுத்த வருஷத்திலிருந்து, வீட்டில் உபயோகிக்காத புதுப் பொருள் இருந்தால் கொடுங்கள் என்று பெற்றோரைக் கேட்டோம். கடிகாரமாக வந்து குவிந்தது. இந்த டவுன்ஷிப்பில் சேஃப்டி வாரத்துக்கும் கடிகாரம், ரிட்டயர்மென்டுக்கும் கடிகாரம், சங்கத்து ஆண்டுவிழாவுக்கும் கடிகாரம். குவார்ட்டர்ஸில் சுவர் போதாமல் அட்டைப்பெட்டியோடு பரண்மேல் போட்டிருந்ததெல்லாம் என்னிடம் வந்தன.

அவற்றைப் பிள்ளைகள் பத்து ரூபாய்க்கு வாங்கி அப்பாவுக்குக் கொடுத்தார்கள். அப்பாக்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு, அடுத்த வருஷம் எனக்கே அனுப்பினார்கள். மணிக்கு ஒருமுறை குயில்போலக் கூவும் பச்சைக் கடிகாரம் ஒன்று என்னிடமிருந்து நான்கு முறை விற்பனை ஆகியிருக்கிறது. அதில் இரண்டு முறை ஒரே வீட்டுக்கு.

3. கேடயம்

தெய்வநாயகம் சார் மைன்ஸில், வெட்டிய கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் பெரிய பொறுப்பில் இருந்தவர். தீபாவளியோடு வேலையிலிருந்து ரிட்டயர் ஆனார். பள்ளி கமிட்டியிலிருந்து ரிட்டயர் ஆகவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் கட்டிய வீட்டுக்குப் போகிற மும்முரத்தில், அவர் மனைவி சரோஜா அம்மா ஒரு சாக்கு நிறையச் சாமானைப் பள்ளிக்கு அனுப்பினார். அதற்குள் இருந்தது அந்தக் கேடயம். மரப்பலகைமேல் பித்தளைத் தகடு, நடுவில் பெரிதாக 25, சுற்றிலும் 'ஆண்டுகள் சிறந்த சேவை', கீழே சாருடைய பெயர்.

பேர் போட்ட கேடயத்தை யார் வாங்குவார்கள் என்று கடிகாரங்களுக்குப் பின்னால் வைத்தேன். ஆறாம் வகுப்பு பவித்ரா அதை எப்படியோ பார்த்துவிட்டாள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்.

"மிஸ், இதுவும் பத்து ரூபாதானா?"

"இதுல வேற ஒருத்தர் பேரு இருக்கே, பவித்ரா."

"அதும்மேல லேபிள் ஒட்டிக்கிறேன் மிஸ். எங்கப்பா பெல்ட் கிளீனிங்ல கான்ட்ராக்டு. கேடயமெல்லாம் பர்மனென்டுக்குத்தான் குடுப்பாங்களாம்."

நோட்டுக்கு ஒட்டுகிற, பூனைப் படம் போட்ட லேபிள் ஒன்றை எடுத்து அங்கேயே உட்கார்ந்து நிரப்பினாள். நேம் என்ற இடத்தில் வீரமுத்து. கிளாஸ் என்ற இடத்தில் கான்ட்ராக்ட். செக்‌ஷன் என்ற இடத்தில் பெல்ட். சப்ஜெக்ட் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு 'கிளீனிங்' என்று எழுதினாள். சாருடைய பெயர் பூனைக்கு அடியில் போய்விட்டது. பழைய காலண்டர் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

4. சார் வந்தது

கேடயம் சாக்கோடு கடைக்குப் போய்விட்டது என்று வீட்டில் தெரிந்து, மறுநாள்தான் சார் வந்து கத்தினார்.

"எல்லாமே பத்து ரூபாய்தான் சார்" என்றேன். அது அவரைச் சமாதானப்படுத்தவில்லை.

ஹெச்.எம். மேடம் ஓடிவந்தார். "மிஸ், குடுத்துடுங்க. கமிட்டி சாரு."

"வித்தாச்சு மேடம்."

"யாருக்கு?"

"சொல்லக்கூடாது மேடம். நீங்க போட்ட ரூல்."

மேடம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பிறகு சாரைக் குளிர்விப்பதற்காக, "பதிலுக்கு நல்லதா ஒரு கடிகாரம் எடுத்துக்கோங்க சார்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். சார் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அவர் பெயரே எழுதியிருந்தது.

"இதுவும் என்னுதுதான்" என்றார்.

விடுமுறை விடும்வரை மூன்று நாளும் வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார். வெளியே வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும், "என்ன கண்ணு வாங்குன?" என்று கேட்டார். "சொல்லக்கூடாது தாத்தா" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போயின. தலைக்கு டை அடித்திருந்தவருக்குக் கேடயம் போனதைவிட அந்தத் 'தாத்தா' அதிகமாக வலித்திருக்கும்.

சரோஜா அம்மாவிடம் போனில் பேசினேன். "வருஷக்கணக்கா ஷூ ரேக்குக்கு அடியிலதான் மிஸ் கெடந்துச்சு. ஒரு நாள் தொடைக்கல. இப்ப வேலயும் போயி, வூடும் மாறுதுன்னதும் அதக் கேட்டுக்கினு அழுவுறாரு" என்றார். அதைக் கேட்டபின் எனக்குச் சார்மேல் கோபம் வரவில்லை. ஆனால் பவித்ரா பெயரையும் நான் சொல்லவில்லை.

கடைசி நாள் சார் எழுந்து போகும்போது, பொங்கல் கழிந்து முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே கடையை மூடச் சொல்லித் தீர்மானம் போடப்போவதாகச் சொன்னார். மேடம் தலையாட்டினார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. பத்து ரூபாய்க்குப் பரிசு கிடைக்கிற இடம் இந்த ஊரில் வேறு இல்லை.

5. திரும்பி வந்தது

கூட்டம் நடக்கிற அன்று காலை சார் முன்கூட்டியே வந்து, கிராஃப்ட் ரூமில் உட்கார்ந்திருந்தார். யார் வாங்கியது என்று கடைசியாக ஒருமுறை கேட்டார். "சொல்லக்கூடாது சார்" என்றேன். அந்த நேரம் பார்த்துப் பவித்ரா துணிப்பையோடு உள்ளே வந்து கேடயத்தை மேசைமேல் வைத்தாள்.

"அப்பா மாத்திக்கினு வரச் சொன்னாரு மிஸ்."

"ஏன், புடிக்கலையா?"

"புடிச்சிது மிஸ். டிவி மேலதான் வச்சிருந்தாரு. தெருவே வந்து பாத்துச்சு. ஆனா கணக்கு தப்பாம். அவுருக்கு இருபத்தேழு வருஷம் ஆவுதாம். கான்ட்ராக்டருங்கதான் மாறிக்கினே இருந்தாங்க, நான் அங்கியேதான இருந்தேன், ரெண்டு வருஷத்த ஏன் வுட்டாங்கன்றாரு. இருபத்தேழு போட்டது இருக்குதா மிஸ்?"

சார் எழுந்து வந்து கேடயத்தைக் கையில் எடுத்தார். பூனை லேபிளை முழுக்கப் படித்தார். லேபிளில் ஒரு மூலை உரிந்திருந்தது. அதைத் தூக்கினால் அவர் பெயர். இப்படியே எடுத்துக்கொண்டு போனால் தடுக்க எனக்கு ஒரு விதியும் இல்லை.

"பெல்ட்டா? நான் அங்கதான் இருந்தேன். உங்கப்பாவ எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அவுருக்கும் தெரியுமாம்ங்க. லேபிளத் தூக்கிப் பாத்துட்டு, ஐயோ இந்த சாரா, ரொம்பக் கோவக்காரருன்னாரு."

நான் கூரையைப் பார்த்தேன். சார் கேடயத்தை மேசைமேல் வைத்தார். பிறகு என்னிடம் மார்க்கர் கேட்டார். மேசையில் உட்கார்ந்து, தகட்டில் இருந்த 25 மேல் நேராக ஒரு கோடு போட்டார். மேலே 27 என்று எழுதினார். தப்பைத் திருத்தினால் ஆபீஸில் செய்கிறபடி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் தேதியும் போட்டார். கோட்டை மட்டும் மெதுவாகத்தான் போட்டார். அடித்தது அவருடைய சொந்த வருஷங்களை அல்லவா.

பவித்ரா குனிந்து பார்த்தாள். "சீல் இல்லீங்களா? சீல் இல்லன்னா அப்பா ஒத்துக்க மாட்டாரு."

சார் என்னைப் பார்த்தார். என்னிடம் ஒரே ஒரு சீல்தான் உண்டு. பிள்ளைகளின் டிராயிங் நோட்டில் வைக்கிற 'வெரி குட்', பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

"அது போதும், வைங்க" என்றார் சார்.

வைத்தேன்.

சார் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார். கடையை மூடுகிற பேச்சே எழவில்லை என்று மேடம் பிறகு சொன்னார். அடுத்த வருஷத்திலிருந்து கடிகாரம் மட்டும் வாங்கவேண்டாம் என்று தீர்மானம் போட்டார்களாம்.

என் இடத்துக்கு வரப்போகிற டீச்சருக்கு நான் சொல்வது இதுதான். விற்றதைத் திரும்ப எடுக்காதீர்கள், ஆனால் என்ன குறை என்று கேளுங்கள். பத்து ரூபாய்ப் பொருளில்கூட மனிதர்கள் தங்கள் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். சில பேருக்கு அதைச் சரிபார்க்க வேறு இடம் இருப்பதில்லை.

வீரமுத்துவை நான் இதுவரை பார்த்ததில்லை. இருபத்தேழு வருஷம் பெல்ட் துடைத்த மனிதருக்கு, ஒரு நாள்கூட அந்தச் சுரங்கப் பள்ளத்துக்குள் இறங்காத நான் வெரி குட் போட்டிருக்கிறேன். அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதைவிட அதிகமாக வெட்கம் வருகிறது.