காத்திருக்காத முக்கால் மணி நேரம்

ஊசி மருந்துக் கிடங்கில் அவருக்குப் பெயர் ஐஸ்பெட்டி. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இருபத்தாறு வருடமாக மொபெட்டின் பின்னால் நீலப் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலை ஏழரைக்குக் கிளம்புவார். பதினோரு சுகாதார நிலையங்களுக்கு மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். மழை நிறுத்தியதில்லை, ஊர்வலம் நிறுத்தியதில்லை. ஒருமுறை பாலத்தடியில் முழங்கால் பெயர்ந்து விழுந்தபோதும், பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் முழங்காலைப் பார்த்தார்.

அவருடைய பெருமையெல்லாம் ஒரே விஷயத்தில் இருந்தது. பதினோராவது நிலையத்தில் பெட்டியைத் திறக்கும்போதும் உள்ளே ஐஸ் பேக் கருங்கல் மாதிரி கிடக்கும். நர்ஸ் தொட்டுவிட்டுக் கையை உதறுவாள்.

"அய்யோ, விரலே மரத்துப்போச்சுங்க!"

அந்த உதறலைப் பார்க்கத்தான் அவர் வேலைக்கே போனார் என்று சொன்னால் தப்பில்லை.

பெருமைக்குக் காரணமும் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெட்டியில் முக்கியமாகப் போனது போலியோ சொட்டு மருந்து. அதற்குச் சூடுதான் எமன். வழியில் கொஞ்சம் வெயில் ஏறினால் போதும், குழந்தையின் வாயில் விழுவது வெறும் தண்ணீர். மற்ற வண்டிக்காரர்கள் டீக்கடையில் நின்று அரட்டை அடித்தபோது இவர் நிற்கவில்லை. வட்டாரத்தில் போலியோ ஒழிந்தபோது மேடையேற்றி ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி வைத்தார்.

ஏழு வருடத்துக்கு முன் புது ஊசி வந்தது. ஹெபடைடிஸ் பி. ஜனங்கள் அதைக் கல்லீரல் ஊசி என்றார்கள். அந்த நோய் சத்தம் போடாது. ரத்தத்தின் வழியே வரும். தாயிடமிருந்து பிள்ளைக்குப் பிரசவ நேரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். முப்பது வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். பிறந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் வாசலிலேயே தடுத்துவிடலாம்.

இந்த மருந்தைக் கையாள அரை நாள் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னது எல்லாமே தலைகீழாக இருந்தது. இதற்குச் சூட்டை விடக் குளிர்தான் எதிரி. ஒருமுறை உறைந்தால் மருந்து செத்தது. அதனால் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பெட்டியில் அடுக்கக் கூடாது. மேஜைமேல் பரப்பி, வேர்க்க விட வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

ஐஸ்பெட்டி பின் பெஞ்சிலிருந்து எழுந்தார். "ஐஸை உருக்கிட்டு அப்புறம் ஐஸ்பெட்டின்னு பேரு எதுக்குங்க? வெந்நீர்ப் பெட்டின்னு வச்சிரலாமே!"

கூடம் குலுங்கிச் சிரித்தது. பயிற்சி கொடுத்தவரும் சிரித்தார். அதற்குள் டீ வந்துவிட்டது.

இருந்தாலும் இரண்டு நாள் சொன்னபடி காத்திருந்தார். மூன்றாம் நாள், வழியிலுள்ள முதல் நிலையத்திலிருந்து போன் வந்தது. நாற்பது தாய்மார்கள் கைக்குழந்தையோடு நின்று கத்துகிறார்களாம். கிடங்கு பொறுப்பாளர் வெளியே வந்து பார்த்தார். மேஜைமேல் ஐஸ் பேக்குகள் வரிசையாகப் படுத்திருந்தன. எதிரே ஐஸ்பெட்டி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா, ஐஸுக்குத் தாலாட்டு பாடறியா? கிளம்பு!"

கிளம்பினார். அன்றைக்கு அப்படிக் கிளம்பியவர் ஏழு வருடமும் அப்படியேதான் கிளம்பினார். பெட்டிக்குள் ஒரு வெப்பமானி இருந்தது. அதைப் பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். நாலு டிகிரி இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். அவர் தினமும் நாலு என்று எழுதினார். ஏமாற்றுவதாக அவருக்குத் தோன்றவே இல்லை. கேட்டதற்கு மேலேயே குளிர் கொடுக்கிறோம், இதில் என்ன குறை என்றுதான் நினைத்தார். மற்ற வண்டிக்காரர்களோ ஐஸை மேஜையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய், ஆற அமர வந்து அடுக்கினார்கள். அவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே மகள், துணி ஆலையில் சட்டைக் காலர் தைப்பவள். கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி என்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த ஊசியும் கிடையாது. ஒரே சிரிஞ்சைக் கொதிக்க வைத்து ஊருக்கே குத்தியதும் உண்டு. டாக்டர் தைரியம் சொன்னார். பிறந்ததும் ஊசி போட்டால் பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் தப்பிவிடும்.

மகள் அழுது முடித்துவிட்டுச் சிரித்தாள். "மருந்தே எங்கப்பா கையிலதான் இருக்கு. எனக்கென்ன பயம்?"

பிரசவத்தன்று காலை ஐஸ்பெட்டி வழக்கமான நாலு ஐஸ் பேக்குகளை அடுக்கினார். பிறகு யோசித்து, ஃப்ரீசரைத் திறந்து இன்னும் இரண்டை எடுத்து நடுவில் செருகினார். பேரப்பிள்ளைக்கு என்று ஒரு குப்பியைத் தனியே எடுத்து, இரண்டு பேக்குகளுக்கு நடுவே இடம் பார்த்து வைத்தார். மகளைச் சேர்த்திருந்த நிலையத்துக்கு வரிசைப்படி ஏழாவதாகப் போக வேண்டும்; அன்று முதலாவதாகப் போனார். பெண் குழந்தை. பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடையில் ஊசி ஏறியது. அவர் படிவத்தில் நாலு என்று எழுதினார். அடுத்த மாதங்களில் போட்ட மூன்று ஊசிகளும் அதே பெட்டியில்தான் வந்தன.

ஒரு வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குழந்தைக்கு நோய் இருந்தது. இனி அது உடம்பை விட்டுப் போகாது, வாழ்நாள் முழுக்கப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்றார்கள்.

சம்பந்தியம்மா அன்றைக்கே இரண்டு டம்ளர்களைப் பிரித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஒன்று மருமகளுக்கு, ஒன்று பேத்திக்கு. டம்ளரால் இந்த நோய் ஒட்டாது என்று நர்ஸ் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"அவங்க சொல்லிட்டுப் போயிருவாங்க, இந்த வீட்டுல நாமதானே குடிக்கணும்?" என்றாள் சம்பந்தியம்மா. "எங்க வம்சத்துல ரத்தத்துல ஒரு குறை கிடையாது. இவ கொண்டு வந்தது. ஊசிக்கே அடங்காத ரத்தம்!"

நாலரை வருடம் மகள் அதைக் கேட்டுக்கொண்டு காலர் தைத்தாள். ஐஸ்பெட்டியும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்க் கேட்டுவிட்டு வருவார்.

அவர் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது கணக்கெடுப்பு வந்தது. ஊசி எவ்வளவு பலன் தந்திருக்கிறது என்று பார்க்க, வட்டாரம் முழுக்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு இருந்த நோய், பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. ஓர் இடம் மட்டும் உதைத்தது. அதை நடத்திய பெண் டாக்டர் கிடங்குக்கு வந்து மேஜைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார். நோயுள்ள பிள்ளைகளைக் குறித்த சிவப்புப் புள்ளிகள் எறும்பு வரிசை போலப் போயின.

"இது யார் போற வழிங்க?"

ஐஸ்பெட்டி எட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடிய பாதை. தான் விழுந்த பாலம்கூட அதில் இருந்தது.

"நம்ம ரூட்டுங்க!" என்றார் உற்சாகமாக. "எங்க போகணும், சொல்லுங்க. கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் காலை டாக்டர் ஓரமாக நின்று, அவர் பெட்டி அடுக்குவதைப் பார்த்தார். ஜீப்பில் பின்னாலேயே வந்து, மூன்றாவது நிலையத்தில் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். கிடங்கிலிருந்து பக்குவமாகக் கொண்டு வந்த இன்னொன்றையும் எடுத்தார். உள்ளங்கைச் சூட்டில் கொஞ்சம் வைத்திருந்து, இரண்டையும் சேர்த்துக் குலுக்கி மேஜைமேல் நிறுத்தினார்.

அரை மணி நேரம் போனது. ஒன்று பால் கலந்த தண்ணீர் போல அப்படியே இருந்தது. மற்றதில் வெள்ளைத் துகள் அடியில் படிந்து, மேலே தெளிந்துவிட்டது.

"இது பழைய சரக்குங்களா மேடம்?"

"இல்லீங்க. உங்க பெட்டியில உறைஞ்சது. செத்துப்போச்சு."

"இதைப் போட்டா என்ன ஆகும்?"

"கெடுதல் ஒண்ணும் இல்ல. நல்லதும் இல்ல. பிள்ளை அழுததுதான் மிச்சம்."

அவர் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நாலு பேக்குக்குப் பதிலா ஆறு வச்சா?" என்று கேட்டார்.

"ஏன் கேக்கறீங்க?"

அவர் பெட்டியை மூடினார்.

வட்டார சுகாதார அதிகாரி இருவரையும் கூப்பிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கெட்ட மனிதர் இல்லை.

"இதை வெளியே சொன்னா நாளைக்கு ஒரு தாய்கூட எந்த ஊசிக்கும் வர மாட்டா. அப்புறம் அம்மை வரும், எல்லாம் வரும். முகாம்னு பேரு வச்சு, அந்த ரூட்டுல இன்னும் நோய் ஒட்டாத பிள்ளைங்க எல்லாருக்கும் மறுபடியும் போட்டுருவோம். பெட்டி பழுதுன்னு ஃபைலை முடிச்சிரலாம்."

"என் பேத்தி, சார்..."

"நல்ல மருந்து போட்டாலும் பத்துல ரெண்டு பிள்ளைக்கு நோய் வரும்யா. உன் பேத்தி அந்த ரெண்டுல ஒண்ணா இருக்கலாமே? யாரால சொல்ல முடியும்?"

டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி சொன்னதில் பொய் இல்லை என்பதால் அவரால் மறுக்க முடியவில்லை.

ஐஸ்பெட்டி ஒரு தாளில் 'பெட்டி பழுது இல்லை, நான் காத்திருக்கவில்லை' என்று எழுதி நீட்டினார். அதிகாரி படித்தார், நாலாகக் கிழித்தார், குப்பைக் கூடையில் போட்டார். "போய் வேலையைப் பாரு. மூணு மாசம் சத்தமில்லாம ஓட்டிட்டுப் போய்ச் சேரு."

காகிதம் கிழிந்ததும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்துப் பிறகு கூசினார். பத்தில் இரண்டு. அந்த வார்த்தையைச் சட்டைப்பையில் மிட்டாய் போல நாலு நாள் வைத்திருந்தார். அவ்வப்போது எடுத்துச் சப்பினார். இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனார். மகள் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா அவருக்கு நல்ல டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். அவர் பாதி குடித்திருக்கும்போது பேத்தி ஓடி வந்து, மிச்சத்தைக் கேட்டு டம்ளரைப் பிடித்தது. சம்பந்தியம்மா அதன் கையில் பட்டென்று தட்டினாள்.

"உன் டம்ளர் ஜன்னல்ல இருக்கு. எத்தனை தடவை சொல்றது? உங்கம்மா ரத்தம் செஞ்ச வேலை, நாங்க அனுபவிக்கிறோம்."

குழந்தை அழவில்லை, பழக்கப்பட்டது போல ஜன்னல் பக்கம் போனது. அது நடந்து போனதைப் பார்த்துத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"அவ ரத்தம் இல்லம்மா. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். ஐஸ், மேஜை, குப்பியின் அடியில் படிந்த துகள், எல்லாம். பத்தில் இரண்டையும் சொன்னார். ஆனால் அதை நம்பச் சொல்லவில்லை.

மகள் மடித்த துணியைத் திரும்பவும் பிரித்தாள். "எவ்வளவு நேரம்பா காத்திருந்திருக்கணும்?"

"முக்கால் மணி நேரம்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கு ரெண்டு பேக் அதிகமா வச்சேன்மா. பாப்பாவுக்குன்னு."

"பாப்பாவுக்குன்னு." அவள் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "நாலரை வருஷம்பா. ஒவ்வொரு நாளும் என்னையேதான் திட்டிக்கிட்டுக் கிடந்தேன். ராசியில்லாதவள்னு, நாசமாப் போனவள்னு."

சம்பந்தியம்மா அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அப்போ மக இல்ல, அப்பன். ரெண்டும் ஒரே வீடுதானே?"

டம்ளரைக் கழுவி, ஜன்னலில் இருந்த இரண்டுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக வைத்தாள்.

மகள் எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "கிளம்புங்கப்பா. காலையில வண்டி எடுக்கணும்ல."

அடுத்த வாரம் முகாம் தொடங்கியது. காலை ஏழுக்கே வந்து ஐஸ் பேக்குகளை மேஜைமேல் பரப்பினார். ஏழரைக்குப் போன் அலறியது. பொறுப்பாளர் தலையை நீட்டி, "நானூறு பிள்ளைங்க லைன்ல நிக்குதாம்யா!" என்று கத்தினார். ஐஸ்பெட்டி ஒரு பேக்கைக் காதருகே வைத்துக் குலுக்கினார். தண்ணீர் சத்தம் சரியாக வரவில்லை. திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்தார். கிளம்பும்போது வெப்பமானியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஐந்து. ஐந்து என்று எழுதினார்.

மூன்றாவதாகப் போனது பேத்தி படிக்கும் பள்ளி. வகுப்பில் பிள்ளைகள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக நின்றன. பேத்தி கடைசி பெஞ்சில் தனியே உட்கார்ந்து தாத்தாவைப் பார்த்துக் கையாட்டியது. டீச்சர் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு பெயரில் நிறுத்தினார். அது மட்டும் மையால் அடிக்கப்பட்டிருந்தது.

"இந்தப் பிள்ளைக்கு வேண்டாமாங்க? ஏன், ஏற்கெனவே போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க," என்றார் ஐஸ்பெட்டி. "பொறந்த அன்னிக்கே."