உப்பில் பச்சை கண்டவர்

அந்தக் கல்லூரியின் இயற்பியல் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஒளிவட்டம்'. எந்த அறைக்குள் நுழைவதானாலும், உள்ளே இருப்பவர்கள் எழுந்து நிற்கட்டும் என்று வாசலிலேயே சற்று நின்று தொண்டையைச் செருமுவார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுழல்வதாக நினைப்பு; அதனால் வந்த பெயர். அவரோ அது தன் ஆராய்ச்சிக்குக் கிடைத்த பாராட்டு என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி என்று அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். இளவயதில் சாதாரண உப்பை உலையில் உருக்கி, யூரோப்பியம் என்னும் அருமண் தனிமத்தைத் துளியூண்டு கலந்து, ஒரு படிகம் வளர்த்தார். பார்க்கக் கண்ணாடித் துண்டு போல இருக்கும். புற ஊதா விளக்கைக் காட்டினால் போதும், உள்ளே அகப்பட்டிருக்கும் யூரோப்பியம் அயனிகள் ஊதா கலந்த நீலத்தில் ஒளிரும். நல்ல வேலைதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பட்டமும் பதவியும் வந்த பிறகு அவர் உலைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அந்த ஒற்றைப் படிகத்தைப் பஞ்சில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, அதையே காட்டிக் காலத்தை ஓட்டினார். நாளடைவில் பார்க்க வருபவர்களும் நின்றுபோனார்கள்.

பல வருடம் கழித்து, புதிதாக வந்த முதல்வரிடம் பெருமையடிக்க அதை வெளியே எடுத்தார். விளக்கைப் போட்டால் நீலத்தைக் காணோம். வெளிறிய பச்சையாக ஒளிர்ந்தது.

"அழகா இருக்கே சார்" என்றார் முதல்வர். அவர் படித்தது வரலாறு.

ஒளிவட்டம் விளக்கை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்; அதே பச்சை. அடுத்த நிமிடமே நெஞ்சு நிமிர்ந்தது. ஏன் நிறம் மாறியது என்ற கேள்வி மட்டும் அவர் தலைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "புது ஒளி ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். என் பேரையே வைக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

மருந்துக்கடை நடத்தும் அவர் மனைவி, அப்போதுதான் கடையிலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்: "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இழுப்பறையைத் திறந்தேன்."

"எங்க கடையில மருந்து நிறம் மாறினா தூக்கிப் போட்டுருவோம். நீங்க பேரு வைக்கிறீங்க."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கருத்தரங்குக்கு ஏற்பாடு செய்தார். மனைவியின் தம்பி, மாமா என்றால் உயிரை விடுகிறவன், வாசலை அடைக்கிற அளவுக்குப் பதாகை அடித்துக்கொண்டு வந்தான். வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி படிகங்களை ஆராயும் பழைய வகுப்புத் தோழியையும் வரவழைத்தார். படிக்கிற காலத்தில் முதலிடத்தைத் தட்டிப் பறித்தவள் அவள். வந்து வயிறெரியட்டும் என்பதுதான் அழைப்பின் உள்நோக்கம்.

அவர் பேசி முடித்ததும் தோழி எழுந்தாள்.

"அளக்கிறதுக்கு முன்னாடி இதைச் சூடு பண்ணிக் குளிர வச்சியா?"

"எதுக்கு?"

"எதுக்கா? சும்மா கிடந்தா யூரோப்பியம் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து கூட்டம் கூட்டமா சேர்ந்துக்கும். அந்தக் கூட்டத்தோட நிறம்தான் இந்தப் பச்சை. நல்லாச் சூடு காட்டி, சட்டுனு குளிர வச்சா பிரிஞ்சு பழையபடி நீலமாயிடும். நாம ரெண்டு பேரும் சேர்ந்து படிச்ச பாடம்தானே இது."

மறுக்க வழியில்லை. பக்கத்து அறையில் தூசு தட்டி உலையை மூட்டினார்கள். படிகம் காயும்வரை கூட்டம் தேநீர் குடித்தது. ஒளிவட்டம் மட்டும் குடிக்கவில்லை. தப்பு செய்துவிட்டோமே என்ற வருத்தம் அவருக்கு எள்ளளவும் இல்லை. இதிலிருந்து எந்தச் சந்து வழியாக வெளியேறலாம் என்றுதான் மூளை ஓடிக்கொண்டிருந்தது. சூடேறிய படிகத்தை இடுக்கியால் எடுத்துச் செப்புத் தகட்டில் போட்டாள் தோழி. ஆறியதும் விளக்கைக் காட்டினாள். ஊதா கலந்த நீலம், அச்சு அசலாகப் பழைய நீலம்.

ஒளிவட்டம் தொண்டையைச் செருமினார். "எந்தக் கருத்தையும் சோதிச்சுப் பாக்காம நம்பக் கூடாது. அதை உங்க கண்ணு முன்னாலேயே காட்டணும்னுதான் இவ்வளவும் ஏற்பாடு பண்ணேன்."

மைத்துனன் முதலில் கைதட்டினான். பிறகு அரங்கமே தட்டியது. முதல்வர் கண்களைத் துடைத்துக்கொண்டார். தோழி சிரிப்பை அடக்கமுடியாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதன்பின் எத்தனை முறை அழைத்தும் அவள் அந்தக் கல்லூரிப் படியை மிதிக்கவில்லை.

அவரை ஆராய்ச்சி நேர்மைக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். இப்போது விண்மீன்களைப் பற்றி யாராவது கட்டுரை கொண்டுவந்தாலும், "சூடு பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டு மிரட்டுகிறார்.

மருந்துக்கடையில் யாராவது, "சார் பெரிய விஞ்ஞானியாமே?" என்று கேட்டால் அவர் மனைவி, "காலேஜுல வேலை பாக்குறார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளின் மருந்துச் சீட்டுக்குக் கையை நீட்டுகிறார்.