ஓய்வூதியத் தொட்டி

"பரிசோதிக்கப்பட்டது, தீங்கற்றது" என்று ஒரு காகிதத்தில் முத்திரை இருந்தால், அந்தப் பரிசோதனை எந்த உயிரின் உடம்பில் நடந்தது என்று நீங்கள் என்றைக்காவது கேட்டதுண்டா? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. முத்திரையைக் கண்டதும் நம் வாய் தானாக மூடிக்கொள்கிறது. கடவுளைக்கூடக் கேள்வி கேட்கத் துணிந்தவர்கள் முத்திரை முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்க்கலாம்.

அந்த முத்திரைக்குப் பின்னால் வேலை பார்க்கும் ஒருத்தியின் கதை இது. ஆய்வகத்தில் அவளைத் 'தொட்டியக்கா' என்பார்கள். விலங்கியல் படித்தவள். ஒரு தனியார் ஆய்வகத்தின் மீன் அறை அவள் பொறுப்பில் இருந்தது. கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளம், ஜன்னல் கிடையாது. இரும்பு அடுக்குகளில் கண்ணாடித் தொட்டிகள், காற்று மோட்டாரின் ஓயாத முனகல், எந்நேரமும் ஈரமான தரை. மேல்மாடியில் தையல் பயிற்சி நிலையம். அங்கே இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தால் கீழே மீன்கள் மிரண்டு மூலைக்கு ஓடும். ஒருநாள் படியேறிப் போய்ச் சண்டை போட்டாள். மீனுக்குத் தலை வலிக்குதா என்று தையல் ஆசிரியை கேட்டாளாம். வலிக்குது, அதான் எழுதிக் கொடுக்க முடியாம என்னை அனுப்பியிருக்கு என்றாளாம் இவள். சிரித்துச் சிரித்தே சிநேகமாகி, ஒவ்வொரு தையல் இயந்திரத்துக்கும் அடியில் ரப்பர்த் துண்டு வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

வேலை என்னவென்று சொல்வது எளிது. ஆலையில் தயாராகும் ஒரு திரவம் தண்ணீரில் கலந்தால் மீனுக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத, உடம்பில் நீலக்கோடு ஓடும் வரிமீன்கள்தான் இதற்கு. ஒரு தொட்டியில் திரவத்தைக் கொஞ்சம் கலப்பார்கள், அடுத்ததில் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்ததில் அதைவிட அதிகம். ஒரு தொட்டியில் மட்டும் வெறும் தண்ணீர். நாலு நாள் பார்ப்பார்கள். எந்த அளவில் பாதி மீன்கள் சாகின்றனவோ அதுதான் அந்தத் திரவத்தின் கொல்லும் அளவு. வெறும் தண்ணீர்த் தொட்டியிலேயே மீன்கள் செத்தால் கோளாறு நம்முடையது, பரிசோதனை செல்லாது.

அவள் தம்பி ஊர் ஏரியில் வலை போட்டுப் பிழைப்பவன். அக்காவைச் சீண்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது. "நானும் மீனைக் கொல்றேன், நீயும் மீனைக் கொல்ற. எனக்கு மீன்காரன்னு பேரு, உனக்கு விஞ்ஞானின்னு பேரு. இது எந்த ஊர் நியாயம்க்கா?"

"நான் இங்க பத்தைக் கொன்னு பாக்கிறதாலதான்டா உன் ஏரியில பத்தாயிரம் உயிரோட இருக்கு. போய் வலையைக் கட்டு" என்பாள் அவள்.

வாய்தான் அப்படி. மனசு வேறு மாதிரி. பரிசோதனை முடிந்தபின் பிழைத்த மீன்களையும் வலியில்லாமல் கொன்றுவிட வேண்டும் என்பது விதி. எக்காரணம் கொண்டும் அவற்றை இன்னொரு பரிசோதனைக்கு எடுக்கக் கூடாது. காரணம் தெளிவானது. நஞ்சிலிருந்து தப்பிய மீன் எல்லா மீனையும் போன்றதல்ல. பிறவியிலேயே திடமானதாக இருக்கலாம், அல்லது அந்த நஞ்சுக்கு உடம்பு பழகியிருக்கலாம். இதெல்லாம் அவள் மற்றவர்களுக்கே பாடம் எடுக்கும் விஷயம். ஆனாலும் நாலு நாள் மூச்சுக்குப் போராடி மீண்ட மீனை, "பிழைத்துவிட்டாயா, வா, இப்போது சாகலாம்" என்று கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. மூலையில் ஒரு தொட்டியை ஒதுக்கி, பிழைத்தவற்றை அதில் விட்டு வந்தாள். வேதியியல் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுவது அவள் வேலை, அதனால் பெயரும் 'சொட்டு'. அவள்தான் அந்தத் தொட்டிக்கு ஓய்வூதியத் தொட்டி என்று பெயர் வைத்தாள். "நமக்கே ஓய்வூதியம் கிடையாது, மீனுக்கு மட்டும் எப்படிக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவளும் அதற்குத் தீனி போடுவாள்.

ஒருநாள் அந்தத் தொட்டியின் ஒட்டு விட்டு, தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. துள்ளிய மீன்களை வலைக்கரண்டியால் அள்ளி, பதற்றத்தில் பக்கத்திலிருந்த இருப்புத் தொட்டியில் போட்டாள் தொட்டியக்கா. பரிசோதனைக்கென்று வளரும் புது மீன்கள் இருந்த தொட்டி அது. நாளைக்குப் பிரித்துவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் பார்த்தால் எல்லாம் ஒரே நீலக்கோடு. பழையது எது, புதியது எது? மொத்தத் தொட்டியையும் ஒதுக்கிவிட்டு வேறு மீன் வாங்கியிருக்க வேண்டும். வாங்கினாலும் அவை இடம் பழகக் காத்திருக்க வேண்டும். அவ்வளவு மீனுக்கு நடுவே கொஞ்சம் பழசு கலந்தால் என்ன, பரவாயில்லை என்று விட்டுவிட்டாள். அறிவு தூங்கப் போகும் நேரத்தில்தான் இந்தப் 'பரவாயில்லை' எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது.

அப்போது பார்த்து ஒரு புதுத் திரவம் வந்தது. துணியில் சாயம் ஒட்டிக்கொள்ள உதவும் திரவம். அதில் நனைத்த துணியை அலசிய தண்ணீரைக் கால்வாயில் விட ஒரு சாய ஆலை அனுமதி கேட்டிருந்தது. கால்வாய் போய்ச் சேரும் இடம் தம்பி வலை போடும் அதே ஏரி. ஊர் குடிப்பதும் அந்த ஏரித் தண்ணீரைத்தான். இவர்கள் சொல்லும் கொல்லும் அளவை வைத்துத்தான் அனுமதி. ஆய்வகத் தலைவர் அவசரப்படுத்தினார். தொட்டியக்கா இருப்புத் தொட்டியிலிருந்து மீன்களை எடுத்தாள்.

முடிவு ஆலைக்குச் சாதகமாக வந்தது. திரவம் அப்படியொன்றும் கொடியதல்ல, தாராளமாக விடலாம் என்றது கணக்கு. வெறும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மீனும் சாகவில்லை. எல்லாம் ஒழுங்கு. ஆனால் அவளுக்கு உறுத்தியது. நஞ்சு கூடக் கூடச் சாவும் கூட வேண்டும். இங்கேயோ நடுத்தரமான தொட்டியில் செத்தவை அதிகம், கடுமையான தொட்டியில் குறைவு. கடுமையான தொட்டியில் முதல்நாளே சில மிதந்தன. மற்றவை மாமன் வீட்டுக்கு விருந்துக்கு வந்ததுபோல ஒய்யாரமாக நீந்தின. குனிந்து பார்த்தாள். அதில் ஒன்றின் வால் ஓரம் பிறை மாதிரி கிழிந்திருந்தது. அதை அவளுக்குத் தெரியும். இதே ஆலையின் பழைய திரவத்தில் நாலு நாள் கிடந்து பிழைத்த மீன் அது.

அவள் காட்டிய இரக்கம் அந்தத் தொட்டியில் வாலாட்டிக்கொண்டு பொய்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. ஓர் ஏரியே அந்தச் சாட்சியை நம்பி நஞ்சைக் குடிக்கப் போகிறது.

நேரே தலைவரிடம் போனாள். அவர் கெட்டவர் அல்ல. எதைக் கேட்டாலும் விழுக்காட்டில் பதில் சொல்வார். காபி எப்படி என்றால்கூட எண்பது சதவீதம் நல்லாயிருக்கு என்பார். ஆகவே அவர் பெயர் 'சதவீதம்'. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பேனா மூடியைத் திருகி மூடினார்.

"உங்க தம்பி அந்த ஏரியிலதானேம்மா வலை போடறார்?"

"ஆமா சார்."

"அப்போ ஆலைக்காரங்க என்ன சொல்லுவாங்க? முடிவு தனக்குப் பிடிக்கல, அதான் கதை கட்டுறாங்கன்னு சொல்லுவாங்க. நானே தொண்ணூறு சதவீதம் அப்படித்தான் நினைப்பேன்."

அவள் எழுந்து மீன் அறைக்கு வந்துவிட்டாள். பொய் சொல்லியிருந்தால் அவளை யாரும் சந்தேகித்திருக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னதால் சந்தேகம். தன் வீட்டுக் கிணற்றில் யாரோ நஞ்சு கலக்கிறார்கள் என்று கத்துகிறவனைப் பார்த்து, உன் கிணறு என்பதால்தானே கத்துகிறாய் என்று கேட்கும் உலகம் இது. ஏரியோடு சம்பந்தமே இல்லாதவன்தான் ஏரியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், பேசுவதற்கு யார்தான் மிஞ்சுவார்கள்?

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர், அளந்து பேசுபவர். தம்பியிடம் சொல்லப் போகிறாயா என்று கேட்டார். இல்லை என்றாள். சொன்னால் அவன் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கம்போடு கிளம்புவான்.

"இது மீனுக்காகவா, தம்பிக்காகவா, இல்ல உன் மனசாட்சிக்காகவா?"

"தெரியலங்க."

உண்மையிலேயே தெரியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தாள். மூன்றும் இருக்கலாம். தன் மீது வந்த கோபமும் இருக்கலாம். யோசித்துக்கொண்டே இருந்தபோது ஒன்று உறைத்தது. இந்தக் கேள்விக்குப் பதிலே தேவையில்லை. கேட்பவள் யார், எதற்காகக் கேட்கிறாள் என்பதைப் பார்க்காமல் பதில் சொல்லும்படி ஒரு பரிசோதனையை அமைக்க முடியும். மனிதன் கண்டுபிடித்தவற்றில் இதைவிட நேர்மையான ஒன்று இல்லை.

மறுநாள் மீண்டும் தலைவர் அறைக்குப் போனாள்.

"சார், நீங்க என்னை நம்ப வேண்டாம். தொட்டியை நம்புங்க. புது மீன் வரட்டும். எந்தத் தொட்டியில எவ்வளவு ஊத்தினோம்னு சொட்டுக்கு மட்டும் தெரியட்டும். சீட்டெல்லாம் மறைச்சிருவோம். நான் அந்த அறைப் பக்கமே வரல. செத்தது எத்தனைன்னு நீங்க எண்ணுங்க."

"நானா?"

"உங்களுக்கு ஏரியில யாரும் இல்லையே சார்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபின் மறுக்க முடியவில்லை. பின்னாளில் விஷயம் வெளியே வந்தால் ஆய்வகத்தின் பெயர் நாறும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. பயத்தால் வந்த நேர்மையும் நேர்மைதான், வேண்டாம் என்று தள்ளக் கூடாது.

ஆலைக்கு ஒரு சாக்குச் சொல்லித் தவணை வாங்கினார்கள். புது மீன்கள் வந்து, இடம் பழகி, பரிசோதனை தொடங்கியது. சீட்டுகளின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டப்பட்டது. காலையும் மாலையும் சதவீதம் கால்சட்டையை மடித்துக்கொண்டு ஈரத் தரையில் இறங்கினார். முதல்நாள் சொட்டிடம், இது பாதிதான் செத்திருக்கு, இதை அரை என்று போடலாமா என்று கேட்டாராம். இவ்வளவு காலமும் அறிக்கையில் எண்களாகப் பார்த்ததை இப்போது கண்ணால் பார்த்தார். நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீன், பக்கவாட்டில் சாய்ந்து நிமிர முடியாத மீன், ஒரே இடத்தில் பம்பரமாகச் சுழன்று அடங்கும் மீன். மூன்றாம் நாளிலிருந்து காபியைப் பற்றிக்கூட விழுக்காடு சொல்வதை நிறுத்திவிட்டார் என்பது சொட்டின் சாட்சி.

நாலாம் நாள் சீட்டுகளைப் பிரித்தார்கள். படிக்கட்டு மாதிரி இருந்தது கணக்கு. நஞ்சு ஏற ஏறச் சாவும் ஏறியது, கோணல் இல்லை. முதல் பரிசோதனை சொன்னதில் கால்வாசி திரவமே பாதி மீன்களைக் கொன்றிருந்தது. வெறும் தண்ணீரில் எல்லாம் நலம்.

"முதல் அறிக்கையைக் கிழிச்சிடலாமா?" என்று கேட்டார் தலைவர்.

"கிழிக்க வேண்டாம் சார். செல்லாதுன்னு போட்டு, ஏன் செல்லாதுன்னும் எழுதிடலாம். என் பேரையும் போட்டுருங்க."

அவள் பேரும், அவள் தவறும் எழுதப்பட்டன. அதன்பின் மீன் அறைக்கு வந்தாள். மயக்க மருந்தை அளந்து கலந்து, பிழைத்த மீன்களை அதில் விட்டாள். கலந்துபோன இருப்புத் தொட்டி மீன்களையும் விட்டாள். வால் கிழிந்ததும் போனது. மீனைக் கொல்லாமல் அதன் முட்டையிலும் உயிரணுவிலும் வைத்தே நஞ்சைக் கண்டுபிடிக்கும் முறைகளைப் பற்றி அவள் படித்துக்கொண்டிருந்தாள். இரக்கத்தைக் காட்ட வேண்டிய இடம் அதுதான், விதியை மீறிய மூலைத் தொட்டி அல்ல என்று அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது. அந்த முறைக்கு மாற வேண்டும் என்று அடுத்த வாரமே தலைவரை நச்சரிக்க ஆரம்பித்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆலை மரியாதையாக நன்றி சொல்லி அறிக்கையை வாங்கிக்கொண்டது. பிறகு அதே திரவத்தை வேறோர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து 'தீங்கற்றது' என்று முத்திரை வந்துவிட்டது. அங்கே எந்த மீன், எந்தத் தொட்டி, யார் எண்ணினார்கள்? தெரியாது. தொட்டியக்காவின் அறிக்கையையும் வெளியே காட்ட முடியாது, ஒப்பந்தம் அப்படி. காசு கொடுத்தவனுக்கு அறிக்கை சொந்தம். தண்ணீர் குடிப்பவனுக்கு முத்திரை மட்டும் சொந்தம். இதைவிடப் பெரிய அநியாயத்தை வெள்ளைத்தாளில் அச்சடிக்க முடியாது.

ஆலைத் தண்ணீரைக் கால்வாயில் விடுவதைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். தம்பி வந்து நின்றான். அன்றைக்குச் சீண்டவில்லை.

"அக்கா, நான் போய் என்ன கேக்கறது? எனக்குப் படிப்பா இருக்கு?"

அவளால் தன் அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஆனால் கேள்வி சொல்லித்தர எந்த ஒப்பந்தமும் தடையில்லை.

"அந்த மீன் எங்கிருந்து வந்துச்சுன்னு கேளு. ஏற்கனவே வேற பரிசோதனைல இருந்த மீனான்னு கேளு. வெறும் தண்ணீர்த் தொட்டியில எத்தனை பிழைச்சுதுன்னு கேளு. இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது பரிசோதிச்சீங்களா, அந்த முடிவு எங்கன்னு கேளு. பதில் சொல்லாம உன்னை உக்காரச் சொன்னா, உக்காராத."

"ஒருத்தனா நின்னா கிறுக்கன்னு சொல்லுவாங்கக்கா."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஒருவன் கேட்டால் கிறுக்கு, ஊரே கேட்டால் அதற்குப் பெயர் விசாரணை. ஆகவே இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று. உங்கள் ஊர்ச் சுவரிலும் இப்படி ஓர் அறிவிப்பு ஒட்டப்படும், அல்லது ஏற்கனவே ஒட்டி மழையில் நனைந்துகொண்டிருக்கும். தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே ஒரு மீன்காரன் எழுந்து தனியாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து அவன் பக்கத்தில் நீங்களும் எழுந்து நில்லுங்கள்.