பட்டறை வாசனை

என் அக்கா பச்சையம்மாளின் கணவர் வீரமுத்து, அரியலூரில் டிப்பர் லாரிகளுக்கு வெல்டிங் அடித்தவர். சுண்ணாம்புக்கல் சுமந்து தொட்டி ஓட்டையான லாரிகள் அவரைத் தேடித்தான் வரும். முப்பது வருடம் அதே பட்டறை, அதே புகை. நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

போன வருடம் ஒரு தீப்பொறி அவர் செருப்புக்குள் விழுந்தது. சர்க்கரையால் கால் மரத்துப்போன மனிதருக்கு அது தெரியவில்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதுதான் சுண்டுவிரல் வெந்திருந்ததைப் பார்த்தார். ஒரே மாதத்தில் புண் சீழ் பிடித்து நாறியது. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "ஒரு விரல்தாங்க. இப்பவே எடுத்துட்டா கால் தப்பிச்சுடும்."

மாமா எழுந்து வந்துவிட்டார். வீம்பு பிடித்த மனிதர். "ஒரு வெரல்ல ஆரம்பிப்பாங்க மாப்ள. அப்புறம் லாரிக்கடியில குந்தி எப்புடி வேல பாக்குறது?"

பெரம்பலூரில் ஓசோன் வைத்தியம் செய்யும் ஓர் இடத்தை போனில் தேடிக் கண்டுபிடித்தவன் நான். பைக்கில் கூட்டிப்போனவனும் நானே. காலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, கெண்டைக்காலில் இறுக்கிக் கட்டி, குழாய் வழியாக வாயுவை ஏற்றினார்கள். பை உப்பியது. லேசாகக் கசிந்ததை முகர்ந்ததும் மாமாவின் முகம் மலர்ந்தது.

"மாப்ள, இது நம்ம பட்டறை வாசனடா!"

உண்மைதான். வெல்டிங் அடிக்கும்போது மூக்கில் ஏறும் அதே காரமான வாசனை. இத்தனை வருடம் சோறு போட்ட வாசனை தன்னைக் கைவிடாது என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வாரம் இரண்டு முறை போனோம். வீட்டில் கட்டு மாற்றும்போது துணியில் அந்த வாசனைதான் இருந்தது. சீழ் நாற்றம் அமுங்கிப்போயிருந்தது. அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"வெரலச் சுத்திக் கருத்துக்கிட்டே வருதுடா. எதுக்கும் பெரியாஸ்பத்திரில ஒருதடவ காட்டிட்டு வந்துருவோம்."

"நாத்தமே இல்லியேக்கா. வலியும் இல்லங்குறாரு. ஆறுதுன்னுதான அர்த்தம்?" என்று அவள் வாயை அடைத்தேன். மரத்துப்போன காலில் வலி எப்படித் தெரியும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஆறாவது வாரம் குளிர்காய்ச்சல் கண்டு மாமா நினைவில்லாமல் விழுந்தார். திருச்சியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் பட்டறைப் பக்கம் வரவே இல்லை. போன மாதம், மிச்சமிருக்கும் காலில் பெருவிரல் ஓரமாக ஒரு சின்னக் கொப்புளம். விடிந்ததும் விடியாததுமாக என்னைக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். அதே டாக்டரம்மாதான் பார்த்தார்.

"செருப்பு கடிச்சிருக்குங்க. மருந்து போட்டா ஆறிடும். போயிட்டு வாங்க."

மாமா நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டு கைகளையும் கூப்பினார்.

"வேணாம்மா. வெரல எடுத்துருங்க. இப்பவே எடுத்துருங்க."