மியூட் அண்ணன் போட்ட ஓட்டு

எங்கள் சோபாப் பட்டறையில் அவருக்கு மியூட் அண்ணன் என்று பெயர். ஊமை என்று நினைத்துவிடாதீர்கள், நன்றாகவே பேசுவார். டிவி ஓடும் இடத்துக்குள் நுழைந்தால் முதலில் ரிமோட்டைத் தேடிச் சத்தத்தை அணைப்பார், அதனால் வந்த பெயர். பட்டறையிலும் அப்படித்தான், டீக்கடையிலும் அப்படித்தான். ஒருமுறை முடிவெட்டும் கடையில், தலையில் பாதி வெட்டு நிற்கும்போதே எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரர் கையில் கத்தரியோடு வாயைப் பிளந்து நின்றாராம்.

குறிப்பாக ஒரு நிகழ்ச்சி என்றால் அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். பத்துப் பதினைந்து பேரை ஒரு பெரிய வீட்டுக்குள் பூட்டிவைத்து, மூலைக்கு மூலை கேமரா மாட்டி, அவர்கள் தூங்குவதையும் சண்டை போடுவதையும் காட்டுவார்களே, அதுதான். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி அதை விடாமல் பார்ப்பேன். பொய் சொல்வானேன், எனக்குப் பிடிக்கும். அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்கிற சுகம் அதில் உண்டு.

"இவங்க என்னம்மா வேலை செய்றாங்க?" என்பார் அவர், ஸ்பாஞ்சுக்கு மேல் ரெக்ஸினை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே. "காலைலேர்ந்து சோபால உக்காந்திருக்காங்க. அதுக்குப் பேரு புகழாம்! அந்த சோபாவைத் தைச்சவன் பேரு யாருக்காவது தெரியுமா? அதுவும் மட்டமான ஸ்பாஞ்சு. பாரு, உக்காந்தா எழுந்திரிக்க முடியாம முழிக்கிறாங்க."

"உங்களுக்குப் பொறாமைண்ணே," என்பேன்.

"ஆமா, சோபா மேல," என்பார்.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் இருந்தாள். அண்ணன்தான் தலை வாரிவிட்டு, சீருடை தேய்த்து, தைக்கத் தெரிந்தவர் என்பதால் கிழிந்ததை அவரே தைத்து வளர்த்தார். கல்யாணப் பேச்சு எடுத்தால், அவள் படிப்பு முடியட்டும் என்பார். படிப்பு முடிந்தது. அவள் ஒரு பெரிய கடையில் முகப்பூச்சு விற்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது கேட்டால், அவள் காலூன்றட்டும் என்றார். அதற்குள் அவருக்கே தலை நரைத்துவிட்டது.

ஒரு நாள் அந்தக் கடையில், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு பெண்மணியோடு தங்கை வாய்ச்சண்டை போட்டாள். யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, "முகத்தைத்தான்மா மாத்த முடியும், குணத்தை மாத்த எங்ககிட்ட க்ரீம் இல்ல" என்று அவள் சொன்னதை ஊர் உலகமே பார்த்துச் சிரித்தது. கடையில் வேலை போயிற்று. அந்த வீட்டு நிகழ்ச்சிக்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள்.

அண்ணனிடம் சொல்லிக்கொள்ளாமலேயே போய்விட்டாள். சொன்னால் விடமாட்டார் என்று தெரியும். மேஜையில் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு, "டிவில வர்றேன், பாரு" என்று ஒரு குரல் பதிவு மட்டும் அனுப்பியிருந்தாள். உள்ளே போனபின் ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள். அவர் கூப்பிடக் கூப்பிட அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றே பதில் வந்தது.

அன்றைக்கு மறுநாள் வேலைக்கு வந்தவர் நேராக என் மெஷின் பக்கம் வந்தார். "அதைக் கொஞ்சம் போடும்மா," என்றார், டிவியைக் காட்டி. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. போட்டேன். அவர் வழக்கம்போலச் சத்தத்தை அணைத்துவிட்டு, நின்றுகொண்டே பார்த்தார். தங்கை வந்தபோது ஒரு அடி முன்னால் நகர்ந்தார். "இளைச்சிட்டா," என்றார். உள்ளே போய் ஒரு நாள்கூட ஆகவில்லை.

அவர் சத்தம் இல்லாமல் பார்த்தது நல்லதாகப் போயிற்று என்று அப்போதே நினைத்தேன். காரணம், அவள் உள்ளே போன முதல் நாள் ராத்திரியே என் வீட்டில் நான் சத்தத்தோடு பார்த்திருந்தேன். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லி அழும் நேரம் அது. அவள் முறை வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குன்னு யாரும் இல்ல. நான் தனியாவே வளர்ந்தேன்," என்றாள். அடுத்த நிமிடம் அங்கிருந்த ஒருவன் அவள் தலையைத் தடவி, "இனிமே நான் உனக்கு அண்ணன்," என்றான். அவளும் அண்ணா என்று அவன் தோளில் சாய்ந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சீருடை தேய்த்த கை எந்தக் கை என்று டிவிக்குள் புகுந்து கேட்க வேண்டும்போல இருந்தது.

அன்று காலையிலேயே பட்டறையில் நானும் தச்சரும் முதலாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதற்குப் பிறகு சத்தத்துக்காக யாரும் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவர் வருவதற்கு முன்பே நாங்களே அணைத்து வைத்தோம்.

தங்கை அந்த ஆள் தோளில் சாய்ந்திருப்பதைப் பார்த்து, "அது யாரும்மா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"கூட இருக்கறவர்ண்ணே. நல்ல மாதிரிதான்," என்றேன்.

"துணைக்கு ஆள் இருக்கு. சரி," என்றார்.

கொஞ்ச நாளில் ஓட்டுப் போடும் காலம் வந்தது. திரையில் அவள் படத்துக்குக் கீழே ஒரு எண் வரும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஒரு ஓட்டு. அவர் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தன் ஃபோனில் அழுத்தினார். அப்புறம் என்னிடம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "உன் ஃபோனைக் கொஞ்சம் குடும்மா," என்றார். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காத மனுஷன் அவர். தச்சரிடம் கேட்டார், முதலாளியிடம் கேட்டார், டீக்கடையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டார். சோபா கொண்டுபோய் இறக்குகிற வீடுகளில், சோபாவைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு, "ஒரு உதவி, இந்தப் பொண்ணுக்கு ஒரு ஓட்டு போடுங்க," என்று அந்த வீட்டம்மாவிடம் நின்றாராம். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லச் சொன்னாராம்.

எங்களுக்கெல்லாம் மனசு குளிர்ந்துபோயிற்று. மனுஷன் இறங்கி வந்துவிட்டார், தங்கை புகழ் அவருக்கும் இனித்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். தச்சர் தன் சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஓட்டுப் போட வைத்தார். நானும் என் தெருவையே திரட்டினேன். தெருவில் அவர் நடந்தால், "என்ன, ஓட்டு போட்டாச்சு!" என்று கையைத் தூக்கிக் காட்டுவார்கள். அவரும் தலையை ஆட்டுவார்.

ஆனால் வாரா வாரம் யாராவது ஒருவரை அந்த வீட்டைவிட்டு வெளியே அனுப்பிய மறுநாள், அவர் முகம் மட்டும் தொங்கிப் போயிருக்கும். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பேரைத் தேடிப்போய்க் கேட்பார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"என்னண்ணே இது, இந்த வாரமும் உங்க தங்கச்சி தப்பிச்சிட்டா. ஓட்டுல அவதான் முதலாம். இன்னும் என்ன உம்முன்னு இருக்கீங்க?"

அவர் ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார். "அதிக ஓட்டு அவளுக்கா?"

"பின்ன? நீங்க அலைஞ்ச அலைச்சல் என்ன, சும்மாவா!"

"அப்ப ஏன் அவளை வெளிய அனுப்பல?"

"யாராவது அதிக ஓட்டு வாங்கினவங்களை வெளிய அனுப்புவாங்களா? கம்மியா வாங்கினவங்கதானே போகணும்?"

அவர் என்னையே பார்த்தார். "ஆரம்பத்துல பாத்தேனேம்மா. சீட்டுல பேரு எழுதிப் பெட்டில போட்டாங்க. யாரு பேருல அதிகச் சீட்டு வந்துதோ அவங்க அழுதாங்க. எல்லாரும் கட்டிப்பிடிச்சாங்க."

"அது உள்ள இருக்கறவங்க ஒருத்தரை ஒருத்தர் மாட்டிவிடறதுண்ணே. வெளிய இருந்து நாம போடறது உள்ளயே வச்சுக்கறதுக்கு. அதான் நிகழ்ச்சி நடத்தற அந்த ஆளு வாய் ஓயாம சொல்லிட்டே இரு..." என்று சொல்ல வந்தவள், பாதியில் நிறுத்தினேன். யார் வாய் ஓயாமல் சொன்னால் என்ன, இவர் எதைக் கேட்டார்?

"நான் வீட்டுக்கு வரட்டும்னு போட்டேன்மா," என்றார்.

தச்சர் குபீரென்று சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது பாதியிலேயே செத்துவிட்டது. இத்தனை நாளும் கதவைத் திறக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, இந்த மனுஷன் ஊரையே கூட்டிவந்து வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். அதற்கு நாங்களும் கை கொடுத்திருக்கிறோம்.

அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போய், "இனிமே அந்தப் பொண்ணுக்கு ஓட்டு போட வேணாம்," என்றிருக்கிறார். "பாத்தீங்களா தன்னடக்கத்தை!" என்று அவர்கள் இன்னும் இரண்டு ஓட்டுப் போட்டார்களாம். தெருத்தெருவாக மூட்டிவிட்ட நெருப்பு, அவர் வாயால் ஊதி அணையுமா? அதற்கப்புறம் அவர் எதுவும் செய்யவில்லை. "எப்படியும் ஒரு நாள் முடியும்ல. முடிஞ்சா வந்துதானே ஆகணும்," என்று மட்டும் சொன்னார்.

முடிந்தது. அவள்தான் ஜெயித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைக் கழுவி, அவள் கட்டிலுக்குப் புது மெத்தை உறை தைத்துப் போட்டு, இரண்டு பேருக்குச் சமைத்து வைத்து உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை மதியம், அந்த இரண்டாம் ஆள் சாப்பாட்டையும் டப்பாவில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார். "அலைச்சல்ல இருப்பா. இன்னிக்கு வந்துடுவா," என்று எனக்குப் பங்கு வைத்தார்.

டிவியில் முந்தின நாள் விழாவைத் திரும்பப் போட்டார்கள். தங்கை பட்டுப்போல ஏதோ உடுத்திக்கொண்டு, கையில் கோப்பையோடு மேடையில் நின்றாள்.

"சவுண்டு வைம்மா," என்றார்.

"ரிமோட்ல பேட்டரி இல்லண்ணே," என்றேன்.

"ஜெயிச்சிருக்கா. என்ன பேசறான்னு கேப்போம்," என்று எழுந்துபோய், டிவியின் பக்கவாட்டில் இருந்த பட்டனை அழுத்தினார். தச்சர் வேலை இருப்பதுபோல வெளியே போய்விட்டார். எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

"எனக்குன்னு இந்த உலகத்துல யாரும் இல்லன்னு முதல் நாளே சொன்னேன்," என்று அவள் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "இப்ப அப்படிச் சொல்ல முடியாது. முகம்கூடத் தெரியாம எனக்கு ஓட்டு போட்ட அத்தனை அண்ணன்களும் எனக்கு இருக்காங்க!" கைதட்டல் நிற்கவே இல்லை.

அவர் திரும்பினார். "முதல் நாளேவா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அதனாலதான் நீங்க யாரும் சவுண்டு வைக்கலையா?"

"ஆமாண்ணே," என்றேன். அவர் வந்து உட்கார்ந்து, எனக்குப் பங்கு வைத்தது போக மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டொரு நாளில் அவருக்கு ஃபோன் வந்தது. என் மெஷினை நிறுத்தினேன். அவர் பக்கம் மட்டும்தான் கேட்டது. "சாப்டியா?" என்றார். "சரி" என்றார். "யாரு கேட்டாலும் சொல்லல, சரி," என்றார். "வீட்டுக்கு எப்ப வருவ?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் காதில் வைத்திருந்தார். கடைசியில் மறுபடியும் "சரிம்மா" என்றார்.

"ஏதோ ஒப்பந்தமாம்," என்றார் என்னிடம். "யாரும் இல்லாத பொண்ணுன்னுதான் எல்லாருக்கும் தெரியுமாம். அண்ணன் இருக்கான்னு வெளிய வந்தா பேரு கெட்டுடுமாம். கொஞ்ச நாளைக்குத்தான்னு சொல்றா."

பேராம் பேர்! எதைச் செய்து வாங்கிய பேர்? வாய்க்கு வந்ததைப் பேசி, சோபாவில் உட்கார்ந்து எழுந்து, இருக்கிற அண்ணனை இல்லை என்று சொல்லி வாங்கிய பேர். அதைக் காப்பாற்ற இவர் இல்லாமல் போக வேண்டுமாம். நான் கத்தினேன். அவர், "பாபின்ல நூல் தீந்துடுச்சு பாரு," என்று என் மெஷினைக் காட்டினார்.

எங்கே புகைந்ததோ, ஒரு நாள் டிவிக்காரர்கள் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். கேமரா தூக்கிய ஒருவர், மைக்கோடு ஒரு பெண். முதலாளி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அந்தப் பெண் நேராக அண்ணனிடம் போனாள்.

"சார், நீங்க அவங்களோட அண்ணன்னு இந்தத் தெருவுல சொல்றாங்க. உண்மையா?"

சொல்லுங்க, போட்டு உடைங்க என்று மனசுக்குள் சொன்னேன்.

"இல்லம்மா," என்றார். "டிவில பாத்திருக்கேன்."

"ஆனா வீடு வீடாப் போய் அவங்களுக்கு ஓட்டு கேட்டீங்களாமே?"

"கேட்டேன்."

"ஏன் சார்?"

அவர் கையிலிருந்த ரெக்ஸின் துண்டை மடித்தார். "எனக்கு அந்தப் பொண்ணை ரொம்பப் பிடிக்கும்," என்றார். அவளிடம் அவர் ஒருநாளும் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அண்ணன்கள் தங்கைகளிடம் அதையெல்லாம் எங்கே சொல்கிறார்கள்?

மைக் பிடித்த பெண்ணுக்கு ஏமாற்றம். இருந்தாலும் நல்ல பிள்ளை, சும்மா போகவில்லை. "அடுத்த வாரம் ரசிகர்களைச் சந்திக்கிறாங்க சார். வரிசையில நின்னா பக்கத்துல போய்ப் பாக்கலாம். ஆளுக்கு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாம்," என்றாள்.

"பேச விடுவாங்களா?"

"ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை பேசலாம் சார்."

"வரேன்மா," என்றார். "வரிசை எங்க ஆரம்பிக்கும்?"