அண்ணனிடம் நான் சொல்லாமல் விட்ட சத்தம்

அண்ணன் இறைவனிடம் சென்று ஓராண்டு ஆகிறது. இன்றைய திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவளுக்கு ஒரே ஒரு கட்டுரை எழுதுவது இவ்வளவு பாடாக இருக்கும் என்று நினைக்கவில்லை. களைப்பாக இருக்கிறது. இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அண்ணன் பாலக்கரையில் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு ஐந்து. படிப்பை நிறுத்திவிட்டு, பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் சேர்ந்தார். நாள் முழுக்கத் தகரத்தின் மேல் சுத்தியல் அடி. அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். பிறகு பதினோரு வருடம் வளைகுடாவில், பாலைவனத்தில் ஓடும், நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் வண்டிகளைப் பழுது பார்த்தார். திரும்பி வந்து மாம்பழச்சாலைப் பக்கம் சொந்தமாக ஷெட் போட்டார். பிள்ளைகள் இல்லை. அண்ணியும் போன பிறகு அவருக்கு நான், எனக்கு அவர் என்று ஆனது. நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அவர் ஊரெல்லாம் பேச்சு வாங்கினார். பேசியவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஷெட்டுக்கு வண்டி வந்தால் அண்ணன் உடனே ஸ்பானரை எடுக்க மாட்டார். "சத்தம் எப்படி வருதுங்க? வாயால செஞ்சு காட்டுங்க" என்பார். டாக்டர்கள், வக்கீல்கள், மீசை முறுக்கிய பெரிய மனிதர்கள் எல்லாரும் வெட்கப்பட்டுக்கொண்டே 'ஊஊய்ங்' என்றும் 'கடகட' என்றும் செய்து காட்டுவார்கள். அதன் பிறகுதான் வண்டியில் ஏறுவார். கொள்ளிடம் பாலம் தாண்டிச் சமயபுரம் வரை ஓர் ஓட்டம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஊளை அடங்கினால், பின் அச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரத்தில் தேய்மானம். ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒடிக்கும்போது உறுமல் ஏறி இறங்கினால் சக்கரத்து பேரிங். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டபடி வளைத்தால் வண்டி இறுகிப்போய் முனகும். அது நோயே இல்லை. "வண்டிக்கு ஒண்ணுமில்லைங்க, ஃபோர் வீல் போடுற சின்ன லீவரைப் பின்னால தள்ளிட்டு வீட்டுக்குப் போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

அறுபதை நெருங்கும்போது அவருக்குக் காது மந்தமாயிற்று. பட்டறைச் சுத்தியல்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். கனத்த சத்தங்களை உள்ளங்கையிலும் பாதத்திலும் அதிர்வாகக் கண்டுபிடித்துவிடுவார். கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் அடியோடு போய்விட்டன. ஒரு நாள் சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்: "நீ பின்சீட்ல உக்காந்து வர்றியா? யாருக்கும் தெரிய வேணாம்."

ஆறு வருடம் போனேன். பள்ளி விட்டதும் கைப்பையோடு பின்சீட்டில் ஏறிக்கொள்வேன். தங்கச்சியைக் கோயிலில் இறக்கிவிடப் போகிறார் என்று வண்டிக்காரர்கள் நினைத்தார்கள். கழுத்தில் சிலுவையைப் போட்டுக்கொண்டு வாரம் மூன்று தடவை சமயபுரம் போகிற டீச்சர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திரும்பியதும் ஷெட்டுக்குப் பின்னால், அண்ணன் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, கேட்ட சத்தத்தையெல்லாம் வாயால் செய்து காட்டுவேன். அவர் தொழில் அதில்தான் நின்றது.

பச்சைமலையில் மரவள்ளி போட்டிருக்கும் ஐயா ஒருவர் மழைக்கு முன்னால் தன் ஜீப்பைக் கொண்டுவந்தார். "ஒரு தடவை நல்லாப் பாத்துடுங்க. எங்க வீட்டம்மாவும் இதுலதான் மலை ஏறுறாங்க" என்றார். அன்று எனக்குக் காலையிலிருந்து தேர்வு மேற்பார்வை. கால் வீங்கியிருந்தது. வீட்டில் இரண்டு கட்டு விடைத்தாள் கிடந்தது. கொள்ளிடக் கரை மண் ரோட்டில் அண்ணன் ஃபோர் வீலைப் போட்டு மெதுவாக ஓட்டினார். எனக்குக் கேட்டது. முன்பக்கம், காலடிக்குக் கீழே, சக்கரம் சுற்றுகிற கணக்கில் 'கிச் கிச்' என்று. முன் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் என்கிற இரும்புத் துண்டு, கிரீஸ் வற்றிக் காய்ந்தால் அப்படித்தான் கத்தும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். எப்போது வருகிறது, ரிவர்ஸில் வருகிறதா என்று இன்னும் ஆறு தடவை ஓட்டுவார். எனக்கு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் போதும் என்று இருந்தது.

ஷெட்டுக்குப் பின்னால், "என்ன கேட்டுச்சு?" என்றார்.

"ஒண்ணும் கேக்கலண்ணே."

அவர் என்னை நம்பினார். ஜீப்பைக் கொடுத்தனுப்பினார்.

பத்து நாளில் மலை ஏற்றத்துச் சேற்றில் அந்தக் கிராஸ் உடைந்து முன் ஷாஃப்ட் கழன்று விழுந்தது. முன்சக்கரத்துக்கு இழுவை போய், ஜீப் பின்னால் வழுக்கி ஓடையில் இறங்கியது. ஐயாவின் மனைவிக்கு வலது கை முறிந்தது. செய்தி வந்ததும் அண்ணன் அவர்கள் வீட்டுக்குப் போனார். நானும் கூட நின்றேன்.

"என் காது போயி வருஷக்கணக்காச்சுங்க. மறைச்சு வச்சுத் தொழில் பண்ணேன். தப்பு என்னோடதுதான்" என்றார்.

நான் பக்கத்தில் நின்றேன் என்றேனே, நின்றதோடு சரி. வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே அண்ணன் ஷெட்டைப் பூட்டினார். பூட்டிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துக்கொண்டே நான் பள்ளிக்குப் போய் வந்தேன்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. புத்தூர் ஆஸ்பத்திரியும் வீடுமாக ஒன்றரை வருடம். காதுக் கருவி வாங்கிக் கொடுத்தேன். "எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி வருது" என்று கழற்றி வைத்துவிட்டார். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், கட்டிலில் குனிந்து சொன்னேன்: "அண்ணே, அன்னிக்கு ஜீப்புல எனக்குச் சத்தம் கேட்டுச்சு."

"என்னது? சத்தமாச் சொல்லு."

வார்டு நிறைய ஆட்கள். கட்டிலின் அந்தப் பக்கம், ஃபிளாஸ்க்கிலிருந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர் அந்த ஜீப்பில் கை முறிந்த அம்மா.

"ஒண்ணுமில்ல, தூங்குங்கண்ணே" என்றேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் கவனித்த நர்ஸ் பெண்களுக்கும், இறுதிச் சடங்கில் கூட இருந்த பங்குத்தந்தைக்கும், எனக்குச் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. எல்லாரையும்விட, வாரத்துக்கு இரண்டு தடவை அண்ணனை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த பச்சைமலை ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நான் கடமைப்பட்டவள். அண்ணன் இல்லாத இந்த ஒரு வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னைப் பார்க்க வருகிறவர்கள் நீங்கள் இருவர்தான். அம்மா, அன்று அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொன்னது நான். அண்ணன்மேல் எந்தத் தப்பும் இல்லை. இதைப் படித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று தெரியவில்லை. நான் வீட்டில்தான் இருப்பேன்.